பழைய சிநேகிதருக்குப் புரட்டாசிச் சாப்பாடு

கேள்வி: எங்களுக்குக் கூரத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. வீட்டுக் கொல்லையில் 10 சென்ட் காய்கறி. சொர்ணவாரி அறுத்தாகிவிட்டது, சம்பா நடவு நடக்கிறது. என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் படித்த 4 பேர் புரட்டாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் வேலை, இரண்டு பேர் ஒரகடம் பக்கம் கம்பெனியில், ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் தறி. எல்லோரும் சேர்ந்து பார்த்து 20 வருஷம் ஆகிறது. "நம்ம வீட்டுச் சாப்பாட்டைப் போட்டால் என்ன நினைப்பார்கள், காஞ்சிபுரத்தில் ஓட்டல் சாப்பாடு வாங்கி வந்துவிடலாம்" என்கிறார் இவர். கையில் இருப்பது சம்பா மேலுரத்துக்கு வைத்த பணம்தான். நிலத்தில் இருப்பதை வைத்தே 8 இலை போட முடியுமா? சமைக்க நான் ஒரே ஆள். எதை எப்போது பறித்து வைப்பது?
— ஒரு வாசகி, கூரம்

பதில்: முடியும். தாராளமாக முடியும். ஆனால் காய்கறிக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் அந்த மேலுரப் பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் ஒரே ஒரு வரியாக வந்தாலும் கேள்வியின் கனம் அங்கேதான் இருக்கிறது.

ஓட்டலில் ஓர் இலைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும் 8 இலைக்கு 1600. இனிப்பு, குளிர்பானம், ஆட்டோக் கூலி எல்லாம் சேர்ந்தால் 2000 ரூபாயைத் தொட்டுவிடும். ஒன்றரை ஏக்கர் நடவு சம்பாவுக்குப் பொதுப் பரிந்துரைப்படி தூர் கட்டும் பருவத்தில் ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும்போது ஒன்று என்று மூன்று மேலுரம். ஒவ்வொரு தடவைக்கும் ஏறக்குறைய 50 கிலோ யூரியாவும் கால் மூட்டை பொட்டாஷும் பிடிக்கும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதில் உள்ள அளவே சரி. 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசு. நான்கு மூட்டை 1066 ரூபாய். அதாவது, ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் போகும் பணத்தில் மூன்று மேலுரத்துக்கும் வேண்டிய யூரியா முழுவதையும் வாங்கி, மீதிக்குப் பொட்டாஷும் கொஞ்சம் எடுத்துவிடலாம்.

நட்ட 20, 25 நாளில் போட வேண்டிய முதல் மேலுரம் தவறினால் பயிர் தூர் கட்டாது. பிறகு அடுத்த மாதம் இரண்டு மடங்காகக் கொட்டினாலும் கட்டாத தூர் கட்டப்போவதில்லை. இலை மட்டும் கரும்பச்சையாக வளர்ந்து புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் கூப்பிடும். விருந்து வருகிற ஞாயிறும் அந்த மேலுரம் விழும் நாளும் ஒரே வாரத்தில் வருகின்றன. ஆகையால் அந்தப் பணத்தில் கை வைக்காமல் சாப்பாடு போட வழி பார்ப்பதே முறை.

வீட்டுக்காரரின் தயக்கத்தையும் குறை சொல்வதற்கில்லை. சொந்த நிலத்தில் விளைந்ததைச் சொந்தக்காரனே மட்டமாக நினைக்கும்படி காலம் ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் ஊட்டிக் கோஸும் காரட்டும் வாங்கிப் போட்டால்தான் சாப்பாடு, கொல்லையில் காய்த்த கொத்தவரை கணக்கிலேயே சேராது என்கிற எண்ணம் கிராமத்துக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது. வருகிற நால்வரில் மூன்று பேர் வாரத்துக்கு ஐந்து நாள் கேண்டீனிலும் ஓட்டலிலும் சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள். அதே சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிவந்து கூரத்தில் பிரித்து வைத்தால், "என்னடா, இதுக்கா இவ்வளவு தூரம் வரச் சொன்னே" என்று வாய்விட்டே கேட்பார்கள். பழைய சிநேகிதர்கள் அப்படித்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

இதில் கூரத்துக்காரர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. சோறு போடுவதில் பேர் வாங்கிய ஊர் அது. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள இந்தச் சின்ன ஊரில்தான், இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். குருபரம்பரைக் கதைகளின்படி அவர் பெரிய செல்வர். காலையில் திறந்த வீட்டுக் கதவு இரவுவரை சாத்தப்படாது, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு நடந்துகொண்டே இருக்கும். கடைசி ஆளும் சாப்பிட்டுப் போன பிறகு கதவைச் சாத்தித் தாழிடும் ஓசை காஞ்சி வரதராஜர் கோயில்வரை கேட்டதாம். அது என்ன ஓசை என்று தாயார் திருக்கச்சி நம்பியிடம் கேட்டாராம்.

ஊரில் இந்தப் பாதிக் கதையைச் சொல்லி விருந்து என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முடித்துவிடுகிறார்கள். மீதிக் கதைதான் சிறு விவசாயிக்கு வேண்டியது. தன் வீட்டுக் கதவு ஓசை கோயில்வரை போய்விட்டதே என்று ஆழ்வான் கூசிப்போனார். இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கத்துக்கு நடந்தார். காட்டு வழியில் அந்த அம்மாள், "இங்கே பயம் உண்டோ" என்று கேட்க, "மடியில் ஏதாவது இருந்தால்தானே பயம், என்ன வைத்திருக்கிறாய்" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். கணவர் சாப்பிட ஒரு பொன் வட்டிலை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தார். அதையும் வாங்கி எறிந்துவிட்டு நடந்தார்கள். திருவரங்கத்தில் அவர்கள் வாழ்ந்தது வீடு வீடாக அரிசி வாங்கி. மழை விடாத ஒரு நாள் அரிசிக்குப் போக முடியாமல் பட்டினியும் கிடந்தார்கள் என்கிறது கதை.

கூரத்தாழ்வானுக்கே வட்டில் வேண்டியிருக்கவில்லை. கொல்லை வாழை இலையில் போடும் சோற்றுக்கு ஒன்றரை ஏக்கர்க்காரர் கூச வேண்டியதில்லை.

இனி நிலத்துக்கு வரலாம். மேலை நாடுகளில் செப்டம்பர், அக்டோபர் என்றால் இலை உதிரும் காலம், அறுவடை முடிந்து கூடிச் சாப்பிடும் காலம். நம் பக்கம் இலை உதிர்வது மாசி, பங்குனியில். புரட்டாசி கார் காலத்தின் கடைசி. மாலையில் இடி மழை, காலையில் இளவெயில், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்வரை கொல்லை நிறைந்து நிற்கிற மாதம் இதுதான். ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, பரங்கி, ஆடியில் நட்ட கத்திரி எல்லாம் ஒன்றாகக் காய்க்கும். ஆனிப் பட்டத்து மானாவாரி வேர்க்கடலையும் பிடுங்கும் நேரம். வருஷத்தில் எந்த மாதம் விருந்துக்கு ஏற்றது என்று கேட்டால், செலவுக் கணக்குப்படி தை மாதத்துக்கும் முன்னால் புரட்டாசியைத்தான் சொல்ல வேண்டும். கறி, மீன் வாங்கும் பேச்சும் இந்த மாதத்தில் பல வீடுகளில் இல்லை. அதுவும் ஒரு சௌகரியம்.

முதலில் அரிசி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் புது நெல் வந்திருக்கிறது, விருந்தாளிக்குப் புது அரிசி போடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். அறுத்து ஒன்றிரண்டு மாதமே ஆன சொர்ணவாரி அரிசி குழையும், கஞ்சி அதிகம் விடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெல்லாகவே ஐந்தாறு மாதம் கிடந்து பழுத்த அரிசிதான் கூடுதல் தண்ணீர் குடித்து, உதிரியாக நிற்கும், சோறும் காணும். சித்திரையில் அறுத்த நவரை நெல் குதிரிலோ மூட்டையிலோ இருந்தால் அதில் 10 கிலோவை எடுத்து அரைத்தால் போதும், ஆறரைக் கிலோவுக்குக் குறையாமல் அரிசி வரும். 8 பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி உலையில் போட்டால் மீதியாகும். பட்டணத்துக்குப் போனவர்கள் முன்னைப்போலச் சாப்பிடுவதில்லை. ஊருக்கு வந்தால் கொஞ்சம் கூடச் சாப்பிடுவார்கள், அதையும் சேர்த்துத்தான் இந்த அளவு.

புது அரிசியை வீணாக்க வேண்டியதில்லை. குழைவதுதான் அதன் குணம் என்றால் குழைய வேண்டிய பண்டத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். கால் கிலோ புதுப் பச்சரிசி, வெல்லம், வீட்டுப் பால் மூன்றும் சேர்ந்தால் அரிசிப் பாயசம். பழைய அரிசியில் அந்தப் பதம் வராது. மறக்கக் கூடாத ஒன்று, வெல்லப் பாகை வடிகட்டி ஆறவிட்டுத்தான் பாலில் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும்.

கீரைக்கு இன்றே வேலை இருக்கிறது. முளைக்கீரை விதைத்த 21 முதல் 25 நாளில் பிடுங்கும் பக்குவத்துக்கு வரும். இந்த இதழ் கைக்கு வரும் நாளுக்கும் புரட்டாசிக் கடைசி ஞாயிற்றுக்கும் இடையில் ஏறக்குறைய அதே அளவு நாள்தான் இருக்கிறது. இரண்டு பாத்தி போதும். விதை மிகவும் சிறியதாகையால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, விளக்குமாற்றால் லேசாக வருடிவிட்டு, பூவாளியில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாய்க்காலில் பாய்ச்சினால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும். பெருமழை வந்து மண் இறுகினால் முளைப்பு கெடும், அதற்காகப் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுவது நல்லது.

கொல்லைக் காய்களில் கத்திரியையும் வெண்டையையும் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புரட்டாசியில் கத்திரியில் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் இல்லாத கொல்லை இல்லை. விருந்தாளி வருகிறார்கள், காய் சொத்தையில்லாமல் இருக்க வேண்டும் என்று வியாழக்கிழமை மருந்தடித்து ஞாயிற்றுக்கிழமை பறிக்கிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. சிநேகிதருக்குச் செய்யும் துரோகம் அது. ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் கடைசியாகத் தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய காத்திருப்புக் காலம் உண்டு. டப்பாவோடு வரும் துண்டுச் சீட்டில் அது அச்சிட்டிருக்கும். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும். சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 20 நாளுக்கும் மேல். செடிக்குள் ஊடுருவும் மருந்து புளித்தண்ணீரில் கழுவினாலும் உப்புத்தண்ணீரில் ஊறவைத்தாலும் முழுவதும் போகாது.

ஆகையால் இன்றையிலிருந்தே அந்த இரண்டு பயிர்களிலும் கடை மருந்து வேண்டாம். வாடித் தொங்கும் நுனித் தண்டுகளைப் புழுவோடு கிள்ளி, துளை விழுந்த காய்களையும் பொறுக்கி, குழியில் போட்டு மூட வேண்டும். வரப்பில் எறிந்தால் புழு திரும்பிவரும். 10 லிட்டர் தெளிப்பானுக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். அப்படியும் பத்துக் காயில் இரண்டு சொத்தை இருக்கும். அந்த இரண்டையும் நறுக்கும்போது ஒதுக்கிவிட்டால் போயிற்று. எட்டுப் பேருக்கு ஒன்றே கால் கிலோ கத்திரிக்காய் வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோவாகப் பறிப்பது, அவ்வளவே.

வெண்டையை விருந்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு காய் விடாமல் பறித்துவிட வேண்டும், முற்றியதையும் சேர்த்து. அப்போதுதான் ஞாயிறு காலை கிடைப்பதெல்லாம் இரண்டு நாள் பிஞ்சாக இருக்கும். கொத்தவரையும் அப்படியே, விரலில் மடக்கினால் நார் இல்லாமல் ஒடிய வேண்டும். பரங்கி இந்த நேரத்தில் பழுத்திருக்காது. பிஞ்சுக்காயைத் தோலோடு நறுக்கிக் கூட்டு வைப்பதுதான் இந்த மாதத்துக்குரியது. பீர்க்கில் சதை குழம்புக்கும் தோல் துவையலுக்கும் போகும்.

வேர்க்கடலையைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் அவித்துக் கொடுப்பது நல்லது. மல்லாட்டை அவிக்கும் வாசனை வந்தாலே வடமாவட்டத்துக்காரனுக்குப் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்துவிடும். கைக்கு உரிக்கும் வேலை கிடைத்தால் வாய் தானாகப் பேசும். 20 வருஷம் பார்க்காதவர்களுக்கு முதல் அரைமணி நேரம்தான் கஷ்டம், அதைக் கடலை பார்த்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு முன் பிடுங்கியதே போதும். பிடுங்கியதைக் குவியலாக மூடிப் போட்டால் இந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பச்சையோ கறுப்போ பூத்த காய், சுருங்கிய பருப்பு, கசப்பு எதுவும் அவியல் பானைக்குள் போகக் கூடாது. அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுப்பது, அவித்தாலும் வறுத்தாலும் போகாது.

வீட்டில் கறவை இருந்தால் சனிக்கிழமை மாலைப் பாலையும் ஞாயிறு காலைப் பாலையும் சங்கத்துக்கு ஊற்றாமல் நிறுத்திக்கொண்டால் தயிர், மோர், பாயசம் மூன்றுக்கும் ஆயிற்று. மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டிருந்தால் கால்நடை மருத்துவர் சொன்ன நாள்வரை அந்தப் பாலைத் தொடக் கூடாது.

தண்ணீரை யாரும் ஒரு பண்டமாக நினைப்பதில்லை. கூரத்துக்காரர்கள் நினைக்கலாம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் கொடுத்த கூரம் செப்பேட்டில், பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டியதும், கொடை ஊரை 25 பங்காக்கி அதில் ஒரு பங்கை மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்குமாக ஒதுக்கியதும் எழுதியிருக்கிறது. பாரதம் வாசிக்கவும் தனியாக ஒரு பங்கு. குடிக்கத் தண்ணீர், உட்கார இடம், கேட்கக் கதை என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள்! இன்றைய கணக்கு வேறு. முதல் மழைக்குப் பின் கிணற்றிலும் கைப்பம்பிலும் மேல்தண்ணீர் இறங்கியிருக்கும். பாட்டில் தண்ணீர் குடித்துப் பழகிய வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இரண்டு பெரிய பானைத் தண்ணீரைச் சனிக்கிழமையே நன்றாகக் கொதிக்க வைத்துச் சீரகம் போட்டு ஆறவிட்டுவிட்டால் போதும்.

இலையில் எத்தனை பண்டம்? கேள்வி அனுப்பியவர் கேட்காமல் விட்டது இது. "நான் ஒரே ஆள்" என்று எழுதியதில் அது அடங்கியிருக்கிறது. ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு கூட்டு, கீரை மசியல், ரசம், மோர், பாயசம். பீர்க்கந்தோல் துவையல் கூட இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை. கத்திரிக்காயும் தட்டைப்பயறும் போட்ட காரக்குழம்பு, வெண்டையோ கொத்தவரையோ ஒன்று பொரியல், பரங்கிப் பிஞ்சுக் கூட்டு. வடை வேண்டாம். வடை சுடுகிறவர் அடுப்படியை விட்டு வர முடியாது. அப்பளமும் அதற்கு முந்திய நாளே பொரித்து டப்பாவில் இருக்கட்டும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர் என்ற அடையாளத்துக்கு ஒன்று சேர்க்கலாம் என்றால் அது கோயில் இட்லிதான். வரதராஜர் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலையை விரித்து, மாவு ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. வீட்டில் அவ்வளவு வேண்டாம். பச்சரிசியும் உளுந்தும் சம அளவு, வீட்டுக்கு வீடு இந்த அளவு கொஞ்சம் மாறும். கொரகொரப்பாக அரைத்து, சனிக்கிழமை காலையிலேயே கரைத்து வைத்தால் ஞாயிறு காலைக்கு நன்றாகப் புளித்திருக்கும். சுக்கு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்த்து, டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றி இட்லிப் பானையில் வைத்தால் அரைமணிக்குள் வெந்துவிடும். சீக்கிரம் கெடாத பண்டம். 11 மணிக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டை ஒன்றரை மணிக்குமேல் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

வேலையைப் பிரிப்பதற்கு வருவோம். வருகிறவர்கள் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள். ஆகையால் காய் பறிப்பது, கீரை ஆய்வது, விறகு உடைத்து நனையாமல் எடுத்து வைப்பது, வாழை இலை அறுப்பது, தண்ணீர் கொதிக்க வைப்பது ஐந்தும் அவர் வேலை. நுனி இலையாக எட்டு வேண்டும். காற்று மழையில் கிழிந்துவிடுமாகையால் சனிக்கிழமை மாலையே அறுத்து, சுருட்டி, ஈரத்துணியில் வைப்பது நல்லது. பயறை ஊறவைப்பதும் துவையலுக்கு வறுத்துக்கொள்வதும் சனி இரவு. ஞாயிறு 10 மணிக்குள் குழம்பும் கூட்டும் இறங்கிவிட வேண்டும். பொரியலும் சோறும் கடைசியில். வருகிறவர்களில் யாராவது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து "நான் தேங்காய் துருவட்டுமா தங்கச்சி" என்று கேட்டால் உபசாரத்துக்காக வேண்டாம் என்று சொல்லாமல் தேங்காயைக் கையில் கொடுத்துவிடுவதே சரி.

எட்டாவது இலை சமைத்தவருக்கு. கடைசியில் வழித்துப் போட்டுக்கொள்ளும் இலையாக அது இருக்கக் கூடாது. பண்டங்களை நடுவில் பாத்திரத்தோடு வைத்து, எல்லோரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டால் தனியாகப் பரிமாற ஆள் தேவையில்லை. கிராமத்தில் இதற்கு முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கலாம். பழைய சிநேகிதர் வருகிற அன்று பழைய வழக்கம் ஒன்று தளர்ந்தால் பாதகமில்லை.

தறிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி வேலைக்காரர் மூன்று பேருக்கும் மாதச் சம்பளம். அவருக்கு அப்படி இல்லை. மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறும், பாவு தெருவில் போட முடியாது, நெய்தால்தான் கூலி. இந்த நால்வரில் ஒன்றரை ஏக்கர்க்காரரின் நிலைமை சொல்லாமலே புரிகிறவர் அவராகத்தான் இருப்பார். பகட்டாக ஒரு சாப்பாட்டைப் போட்டால் அடுத்த முறை தன் வீட்டுக்குக் கூப்பிட அவருக்கு வாய் வராது. கொல்லைக் காயும் வீட்டு மோரும் போட்ட இலையில் சாப்பிட்டவர் கைகழுவும்போதே, "தைக்குப் பிள்ளையார்பாளையம் வாங்கடா" என்று சொல்லிவிடுவார்.

போகும்போது கொடுத்தனுப்பவும் காசு செலவில்லை. ஆளுக்கு ஒரு பரங்கிப் பிஞ்சு, இரண்டு படி கடலை. சென்னைக்காரர் மாடியில் தொட்டி வைத்திருந்தால் வெண்டை விதை கொஞ்சம். அது வீட்டு நாட்டு ரகமாக இருக்க வேண்டும், வீரிய ஒட்டு ரகத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போலக் காய்க்காது. முற்றிய காயை இப்போதே ஒரு செடியில் விட்டு வைத்தால் அதற்குள் காய்ந்துவிடும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் திங்கட்கிழமை காலைக்கு ஆயிற்று. நறுக்கிப் போட்ட தோல், காம்பு, இலை எல்லாம் எருக்குழிக்கு.

மேலுரம் திங்கட்கிழமை என்று வைத்துக்கொண்டால் ஞாயிறு இரவே ஒரு வேலை இருக்கிறது. 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு என்ற கணக்கில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போட்டால் தழைச்சத்து சீக்கிரம் கரைந்து போகாமல் பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். பொட்டாஷை மறுநாள் போடும்போது சேர்த்துக்கொள்ளலாம். வயலில் தண்ணீரைச் சீராக வடித்துவிட்டு, களை எடுத்த பிறகே தூவ வேண்டும். வானம் கறுத்திருந்தால் ஒரு நாள் தள்ளலாம், நான்கு நாள் தள்ளக் கூடாது. சிநேகிதர்களில் ஒருவர் இரவு தங்குவதாக இருந்தால் கலக்குவதற்கு ஒரு கை கூட ஆயிற்று.